விளையாட்டை வாங்கினோம், சாவி யாரிடம்?

ஆடுபுலி ஆட்டம் அறியாதவர் நம் நாட்டில் இலர் எனலாம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், இருபத்து மூன்று புள்ளிகள். எங்கள் வத்தல்மலையில் ஊருக்குப் பொதுவான ஒரு பாறையில் அந்தக் கோடுகள் கீறப்பட்டிருக்கின்றன. கீறியவர் யார் என்று என் பாட்டிக்கே தெரியாது. பழைய கோயில் மண்டபங்களின் தளக்கற்களிலும் இத்தகைய கட்டங்களைக் காணலாம். புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் இருந்தால் போதும். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கீறியவர் மறைந்து பல தலைமுறை ஆனாலும் ஆட்டம் மறையவில்லை.

கணிப்பொறி விளையாட்டுக்கு இந்தப் பேறு உண்டா? இதுவே நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள். இதை எழுதத் தூண்டியது எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அக்காவுக்குப் பள்ளியில் அரசு மடிக்கணினி கிடைத்தது. அக்கா படித்து முடித்தபின் அது தம்பியின் கைக்கு வந்தது. ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன், பொங்கல் விடுமுறைக்கு மலை ஏறி வந்தபோது அதில் ஒரு கார்ப் பந்தய விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். தம்பிக்காகவே தம் சம்பளத்தில் அறுநூறு ரூபாய் கொடுத்து இணையக் கடையில் வாங்கியது அது. மூன்று நாட்கள் எங்கள் வீட்டுத் திண்ணையே பந்தயத் திடலாக மாறிவிட்டது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று முறை வைத்து விளையாடினார்கள். அண்ணன் ஓசூருக்குத் திரும்பினார். நான்காம் நாள் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றியது. உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும், இணையத்துடன் இணைக்கவும் என்றது.

எங்கள் வீட்டில் இணையம் ஏது? கைபேசிக்கே மேட்டுப்பாறையில் ஏறி நின்றால்தான் ஒரு கோடு தெரியும். தம்பி மடிக்கணினியைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு பாறைக்கு ஏறினான். பின்னால் ஒரு படையே போயிற்று, நானும் போனேன். பக்கத்து வீட்டு மாமாவின் கைபேசியிலிருந்து இணைப்பு எடுத்தோம். அரை மணி நேரம் சுற்றியபின் அது கடவு எண் கேட்டது. அந்த எண் அண்ணனின் கைபேசிக்குப் போய்விட்டது. அண்ணனோ இரவுப் பணியில் இருந்தார். தொழிற்சாலைக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. அவர் திருப்பி அழைப்பதற்குள் மடிக்கணினியின் மின்கலம் தீர்ந்தது. பின்னர் அண்ணன் கைபேசி எண்ணை மாற்றினார். பழைய எண்ணோடு கணக்கும் போயிற்று. விளையாட்டு முழுவதும் எங்கள் மடிக்கணினியின் வட்டிலேயே இருக்கிறது, ஒரு துணுக்கும் குறையவில்லை. ஆனால் திறக்காது.

அறுநூறு ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கியதுதான் என்ன?

விடை சிறிது கசப்பானது. நாம் வாங்குவது விளையாட்டை அன்று, அதை விளையாடுவதற்கான உரிமம் ஒன்றையே. நெல்லை வாங்கினால் நெல் நம்முடையது. பேருந்துப் பயணச் சீட்டு வாங்கினால் பேருந்து நம்முடையது ஆகுமா? இணையக் கடைகள் விற்பவை சீட்டைப் போன்றவை. ஆனால் பொத்தானில் மட்டும் 'வாங்கு' என்று எழுதியிருக்கும். உடன்பாட்டு விதிகள் பல பக்கங்களுக்கு நீளும். அவற்றைப் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துகிறோம். அவ்விதிகளின்படி கணக்கைப் பிறருக்கு மாற்றவோ உயிலில் எழுதி வைக்கவோ பல கடைகளில் வழியில்லை. தாத்தாவின் கடிகாரம் பேரனுக்குச் சேரும். தாத்தா வாங்கிய விளையாட்டு சேராது.

இந்த உரிமத்தைக் காவல் காக்கும் பூட்டுக்கு டி.ஆர்.எம். என்று பெயர். தமிழில் எண்மிய உரிமை மேலாண்மை எனலாம். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை எளியது. விளையாட்டின் நிரலைப் பூட்டி வைத்து, சாவியை வேறோர் இடத்தில் வைத்திருப்பதுதான் அது. அந்த 'வேறோர் இடம்' காலந்தோறும் மாறி வந்த கதை சுவையானது.

முதலில் சாவி புத்தகத்தில் இருந்தது. 1980-களில் விளையாட்டுடன் ஒரு கையேடு தருவார்கள். இத்தனையாம் பக்கத்தில் இத்தனையாம் வரியில் உள்ள சொல் யாது என்று விளையாட்டு கேட்கும். கையேடு வைத்திருப்பவர் சொல்லிவிடலாம். நம் தமிழாசிரியை செய்யுள் பகுதியில் திடீரென்று கேள்வி கேட்பதைப் போன்றது இது. பின்னர் சாவி குறுந்தட்டுக்குள் போயிற்று. சேஃப்டிஸ்க், செக்யூரோம் என்னும் பூட்டுகள், அசல் தட்டுதானா என்று கணிப்பொறியின் அடிமட்டத்துக்கே இறங்கிச் சோதிக்கும். அவ்வளவு ஆழத்தில் அந்நியர் நிரல் இயங்குவது பாதுகாப்பன்று என்று கருதி, 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 அவற்றை இயங்க விடவில்லை. விளைவு யாது? பணம் கொடுத்து வாங்கிய அசல் தட்டு கையிலிருந்தும் விளையாட்டு திறக்காமற் போயிற்று. தட்டு பழுதுபடவில்லை, விளையாட்டும் பழுதுபடவில்லை. பூட்டு மட்டுமே பழுது!

அதன்பின் சாவி இணையத்துக்குப் போயிற்று. 2008-இல் வெளிவந்த ஸ்போர் என்னும் விளையாட்டை மூன்று கணிப்பொறிகளில் மட்டுமே ஏற்றலாம் என்று முதலில் கட்டுப்பாடு இருந்தது. வாங்கியவர்கள் கூச்சலிட்டபின் ஐந்தாக்கினார்கள். இன்று பல விளையாட்டுகள் தொலைவிலுள்ள சர்வரிடம் அவ்வப்போது அனுமதி கேட்கின்றன. சாவி இப்போது வேறொரு நாட்டில், வேறொருவர் வீட்டில் இருக்கிறது. அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால்?

அப்படியும் நடந்தது. யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2014-இல் 'தி குரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்க நாட்டைச் சுருக்கி அமைத்து, அதில் கடற்கரை முதல் கடற்கரை வரை ஓட்டலாம். தனியாகவும் விளையாடலாம். ஆனால் தனியாக விளையாடுவதற்கும் நிறுவனத்தின் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். வாங்கியவர்கள் எல்லோருடைய விளையாட்டும் அதே நாளில் நின்றது. பின்னர் பலருடைய கணக்கிலிருந்து உரிமமே நீக்கப்பட்டது. எங்கள் தம்பிக்கு நேர்ந்ததுதான் அவர்களுக்கும் நேர்ந்தது, எண்ணிக்கையில் மட்டுமே வேறுபாடு.

இதைக் கண்டு பொறுக்காமல் ராஸ் ஸ்காட் என்பவர் 2024 ஏப்ரலில் 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை என்றென்றும் நடத்துங்கள் என்று அவர் கேட்கவில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நிறுத்தும் நாளில், வாங்கியவர்கள் தாங்களே விளையாடும் நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை. வாடகைக்கு இருந்தவர் காலி செய்யும்போது கிணற்றை மூடிவிட்டா போகிறார்? ஐரோப்பிய ஒன்றியத்தில் இக்கோரிக்கைக்குக் கையொப்பமிட்டோர் தொகை 2025 ஜூலையில் பத்து இலட்சத்தைத் தாண்டியது. யூபிசாஃப்ட் நிறுவனமே 'தி குரூ' வரிசையின் இரண்டாம் விளையாட்டை இணையமின்றி விளையாட வழி செய்வதாக 2024-இல் அறிவித்து, அடுத்த ஆண்டில் அதைச் செய்தும் கொடுத்தது. செய்ய முடியாதது என்று இனிச் சொல்ல இயலாதன்றோ?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வேறு வழியில் சென்றது. அங்கு 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, உரிமத்தை மட்டும் தருகிற கடை 'வாங்கு' என்று எழுதினால், இது உரிமமே என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. இணையத் தொடர்பின்றி நிலையாக வைத்துக்கொள்ளும்படி தருபவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உண்மையைச் சொல்லச் செய்தது நல்லதே. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டுப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றும் ஆகிவிடுகிறதே என்று எனக்குத் தோன்றுகிறது.

நிறுவனங்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு விளையாட்டைச் செய்யப் பலர் பல ஆண்டுகள் உழைக்கிறார்கள். அதை ஒருவர் வாங்கி ஆயிரம் பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்தால் உழைத்தவர் வயிறு என்ன ஆகும்? களவு நகல்கள் குறுந்தட்டுகளில் கடைவீதிகளில் மலிந்து கிடந்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பூட்டு பிறந்ததற்குக் காரணம் அதுவே. சர்வர் நடத்துவதற்கும் மின்சாரம், ஆள், பணம் எல்லாம் வேண்டும்.

எங்கள் நன்னெறி வகுப்பில் இதைக் கேட்டேன். "சிஸ்டர், பணம் கொடுத்து வாங்கிய பெட்டியின் பூட்டை உடைத்தால் அது களவா?" என்றேன். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "பெட்டி உன்னுடையதா என்று முதலில் இரசீதைப் பார்" என்றார். நான் உரிமத்தைப் பற்றிச் சொன்னேன். சிறிது யோசித்துவிட்டு, "ஏழாம் கட்டளை வாங்குபவருக்கு மட்டும் கொடுக்கப்பட்டதன்று, விற்பவருக்கும் சேர்த்துத்தான்" என்றார். பிறகு மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் நூலகத்துக்குப் போனேன்.

நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணிப்பொறி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. ஆம், கம்பராமாயணத்துக்கும் கார்ப் பந்தயத்துக்கும் சட்டத்தின் பார்வையில் ஒரே பெயர்தான். நிரலின் படி ஒன்றை முறைப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ பழுதானாலோ பயன்படட்டும் என்று காப்பு நகல் எடுத்துக்கொள்ள 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பூட்டைப் பற்றிய 65-ஏ பிரிவு 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது அது. 'எண்ணத்தோடு' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு நோக்கத்துக்காகப் பூட்டை நீக்குவதற்கு அதே பிரிவு விலக்கும் தருகிறது. அப்படி நீக்க உதவி செய்பவர், யாருக்காக, எதற்காகச் செய்தோம் என்று பெயர், முகவரியுடன் பதிவு வைத்திருக்க வேண்டும். சந்தையில் சாவி செய்பவர் கணக்கு நோட்டு வைத்திருப்பதைப் போன்ற ஏற்பாடு! ஆனால் சட்டம் இடம் கொடுத்தாலும் சாவி செய்யத் தெரிந்தவர் எங்கே? காப்பு நகல் எடுத்தாலும் அந்த நகலும் பூட்டியே கிடக்கிறது. நிறுத்தப்பட்ட சர்வரை மீண்டும் எழுப்பித் தரும்படி நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சொல் எதுவும் அந்தப் பிரிவுகளில் இல்லை.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் சிறு குறைதானே என்று சிலர் நினைக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு தமிழ் விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை அது. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். இதில் சுடுவதும் வெட்டுவதும் இல்லை. இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும், பிரியாணி செய்ய வேண்டும். வெண்பாவின் தாய் எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்த வரியை ஊகித்துச் சரியான வரிசையில் செய்தால்தான் பலகாரம் வரும். தமிழ் பேசத் தயங்கும் மகனையும் தாயையும் அந்தக் குறிப்பேடே சேர்த்து வைக்கிறது. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதை வெண்பா பெற்றது.

எனக்கு எழும் கேள்வி இதுதான். அழிந்துபோகும் குறிப்பேட்டைப் பற்றிய இந்த விளையாட்டு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எங்கே இருக்கும்? அது பெரும்பாலும் இணையக் கடைகள் வழியாகவே மக்களைச் சேர்கிறது. கடை மாறும், இயங்குதளம் மாறும், கணக்கு தொலையும். 2023-இல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அது கூறியது. நூற்றுக்கு எண்பத்தேழு!

அழிவு நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகள் கரையானுக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் போன கதையை நாம் பாடத்தில் படிக்கிறோம். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் குப்பை என்று எறிந்த பாட்டுப் புத்தகங்களையும் துண்டு விளம்பரங்களையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் மறைந்தபின் அத்தொகுப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஒன்று எண்ணிப் பாருங்கள். ஐயர் கையில் கிடைத்த ஏடு செல்லரித்திருந்தது, எழுத்துச் சிதைந்திருந்தது, ஆனால் பூட்டப்பட்டிருக்கவில்லை. படிப்பதற்கு முன் மூல ஆசிரியரின் சர்வரிடம் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. நாளை கணிப்பொறி விளையாட்டுகளைத் தேடி ஓர் ஐயர் புறப்பட்டால் அவர் கைக்குக் கிடைக்கும் வட்டு முழுமையாகவே இருக்கும். ஆயினும் ஒரு வரியும் படிக்க முடியாது. இதை எழுதும்போதே எனக்கு வருத்தமாயிருக்கிறது.

வழியே இல்லையா என்றால், உண்டு. போலந்து நாட்டில் 2008-இல் தொடங்கப்பட்ட ஜி.ஓ.ஜி. என்னும் கடை, பூட்டில்லாத விளையாட்டுகளை விற்கிறது. நிறுவும் கோப்பைப் பதிவிறக்கி, பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையம் வேண்டாம். பழைய விளையாட்டுகளைப் புதிய கணிப்பொறிகளில் ஓடும்படி பேணுவதற்கென்றே 2024 நவம்பரில் ஒரு தனித் திட்டமும் அது தொடங்கியது. பூட்டில்லாமல் விற்றும் அந்தக் கடை இத்தனை ஆண்டுகள் நடந்து வருகிறது என்பதை, பூட்டின்றிப் பிழைக்க முடியாது என்போர் கவனிக்க வேண்டும். நேர்மையாகச் சொன்னால் பிற கடைகளிலும் எல்லா விளையாட்டும் பூட்டியவை அல்ல. பூட்டுவதா வேண்டாமா என்பதைச் செய்தவரே முடிவு செய்கிறார். வாங்குமுன் நாம் விசாரிப்பதில்லை, அவ்வளவே.

இன்னொரு வழி மூல நிரலையே வெளியிடுவது. 1993-இல் வந்த 'டூம்' என்னும் விளையாட்டின் மூல நிரலை, அதைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997-இல் வெளியிட்டுவிட்டது. அதன்பின் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அதைப் புதுப்புதுக் கருவிகளுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். முப்பது ஆண்டு கடந்தும் அது ஓடுகிறது. (அது சுடும் விளையாட்டு, சிஸ்டர் அனுமதிக்க மாட்டார்.)

நம் மாநிலத்திலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது என்பது என் எண்ணம். பாரதியார் பாடல்களின் உரிமை தனியார் கையில் இருந்தபோது, 1949-இல் சென்னை அரசு அதை வாங்கிப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. இன்றும் தமிழக அரசு எழுத்தாளர்களின் நூல்களை, உரிமையுடையோருக்குத் தொகை வழங்கி நாட்டுடைமையாக்கி வருகிறது. சட்டமே நிரலை இலக்கியம் என்று சொல்லும்போது, விற்பனை நின்றுபோன ஒரு தமிழ் விளையாட்டை அரசு ஏன் அவ்வாறு வாங்கிப் பொதுவாக்கலாகாது? படைத்தவருக்கும் நட்டமில்லை, படிப்பவருக்கும் நட்டமில்லை. இதைப் படிக்கும் பெரியோர் எவரேனும் சிந்திக்கலாம்.

அரசு மடிக்கணினியிலேயே இதற்கான விதை இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் ஏற்றித் தரப்பட்டது. சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அது. எவரும் நகல் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பெரும்பாலோர் அதைத் திறந்தும் பார்த்ததில்லை. நாங்களும் பார்க்கவில்லை. விண்டோஸ் 7-இல் இயங்கிய கணிப்பொறிகளை ஸ்டீம் என்னும் பெரிய விளையாட்டுக் கடை 2024 சனவரி முதல் தேதியோடு கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது.

காலாண்டு விடுமுறைக்கு விடுதியிலிருந்து மலைக்குப் போனபோது, கணிப்பொறி ஆசிரியை சொல்லிக் கொடுத்தபடி மடிக்கணினியை மறுபக்கம் திறந்து பாஸ் லினக்ஸைக் காட்டினேன். டக்ஸ் பெயின்ட் என்னும் படம் வரையும் நிரலைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன், அதையும் ஏற்றினேன். அதே பென் டிரைவிலிருந்து பக்கத்து வீட்டுக் கணிப்பொறிக்கும் ஒரு நகல் போயிற்று. எவரும் எங்களிடம் கடவு எண் கேட்கவில்லை. தங்கை முதலில் வரைந்தது காப்பிச் செடி, சிவப்புப் பழங்களோடு.

ஆனாலும் விண்டோஸ் பக்கத்தில் அந்தக் கார்ப் பந்தயத்தின் சின்னம் இன்னும் இருக்கிறது. இடத்தை அடைக்கிறது, அழித்துவிடலாம் என்றேன். தம்பி மடிக்கணினியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். "அண்ணன் எனக்கு வாங்கிக் கொடுத்தது, அதை அழிக்கக் கூடாது" என்றான்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி